ஆடியில் எடுக்காத பேக்கப்

கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாகராசு அண்ணன் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. காலையில் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. புது டிஸ்க் போட்டு, பென் டிரைவில் இருந்த பேக்கப்பை ஏற்ற உட்கார்ந்தேன்.

கறுப்புத் திரையில் கமாண்டை அடித்தேன். அப்படியொரு டேட்டாபேஸே இல்லை என்றது. இல்லாததால்தானே ஏற்றுகிறேன்! காலி டேட்டாபேஸ் ஒன்றை முதலில் உருவாக்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. உருவாக்கிவிட்டு மறுபடி அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கர்சர் வந்து நின்றது. முடிந்தது என்றுகூடச் சொல்லவில்லை, ஊமைச் சனியன்.

சரிபார்க்க ‘ஆவுடையார்கோவில்’ என்று ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். முதல் பெயர் ஆத்மநாதன். வரன் தேடுகிறார்.

ஆத்மநாதன் என் கணவர். ஆனியில் கல்யாணம் முடிந்ததும் ஒருநாள் ஆபீஸ் வந்து, எங்கள் இருவர் பதிவையும் நானே அழித்துவிட்டு லீவில் போனேன். ஆடிக்குத் தாய்வீடு வந்தேன். வேலையை விடு என்று அவர் போனில் சொல்ல, மாட்டேன் என்று நான் சொல்ல, பேச்சு நின்றது. ஆவணி பிறந்தும் கூட்டிப்போக அவர் வரவில்லை; அவரிடம் சொல்லாமலே நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அப்படியானால் வேறு பெண் பார்க்கிறாரா? பேக்கப் எடுத்த தேதியைப் பார்க்கலாமென்றால், கடிகாரப் பேட்டரி செத்த அந்தப் பழைய மெஷின் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வருடத்தைப் போட்டு வைத்திருந்தது.

“அண்ணே, நான் லீவுல இருந்தப்ப பேக்கப் எடுத்தீங்களா?”

“எனக்கு அது புது வேலையில்ல? ஆடியில புதுசா ஒண்ணத் தொடங்கலாமாம்மா? ஆவணி பொறக்கட்டும்னு விட்டுட்டேன். நீ கல்யாணத்துக்கு முன்ன எடுத்ததுதான் இருக்கு.”

என் பெயரையும் தேடினேன். இலக்கியா, வரன் தேடுகிறார். அப்பாடா, எல்லாம் பழைய கதை. தனியாகச் சிரித்தேன்.

ஆனால் ஆடியில் ஆன்லைனில் பதிந்தவர்கள் மொத்தமாகப் போயிருந்தார்கள். ‘ஆடியில் பதிந்தவர்கள் விவரத்தை மறுபடி அனுப்பவும்’ என்று அண்ணன் பெயரில் இருக்கும் ஆபீஸ் போனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். முதல் பதில் ஆத்மநாதனிடமிருந்து வந்தது.

‘அண்ணே, கோவத்துல நானும் பதிஞ்சிட்டேன். போனது போனதாவே இருக்கட்டும், திரும்ப ஏத்திராதீங்க. இலக்கியாவுக்குத் தெரிய வேண்டாம்.’

திரும்பத் திரும்பப் படித்தேன். பதிந்தாரே என்று ஆத்திரப்படுவதா, வேண்டாம் என்றாரே என்று சந்தோஷப்படுவதா? ஒன்றும் புரியவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

“யாரும்மா?” என்றார் நாகராசு அண்ணன்.

“எங்க வீட்டுக்காரருதாண்ணே. வரட்டும், வச்சுக்கிறேன்.”