கம்பளிக்குள் ஒரு பரீட்சை

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, மூன்று பேர் ஒரே கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்து நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். உள்ளே ரம்யாவுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து வருடமாக அவள் செய்த ஆராய்ச்சி இதுதான். கரும்புச் சக்கையைத் தண்ணீரோடு மூடி போட்டுப் பெருஞ்சூட்டில் வேகவைத்து வடித்தால் குவாண்டம் புள்ளிகள் கிடைக்கும். ஒரு தலைமயிரின் அகலத்தில் பத்தாயிரம் புள்ளிகள் வரிசையாக நிற்கும், அத்தனை பொடி. அவற்றைத் தாள் பட்டையில் தடவிக் காயவைத்து, சாற்றில் நனைத்து, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தால் பட்டை பச்சையாக ஒளிரும். சாறு புளிக்கப் புளிக்க ஒளி மங்கும். வெட்டின கரும்பு ஆலை வாசலில் டிராக்டரிலேயே காய்ந்து எவ்வளவு புளித்திருக்கிறது என்று விவசாயியே நின்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வகத்தில் நூறு முறை சரியாக வந்தது. கொல்லையில் வருமா என்று பார்க்கத்தான் பேராசிரியர் தீனதயாளன் சென்னையிலிருந்து வந்திருந்தார். வந்தால் ஆய்வேட்டில் கையெழுத்து. வராவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ரம்யாவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அப்போதுதான் வெட்டின கரும்பையும் மூன்று நாள் கிடந்த கரும்பையும் ஜூஸ் மிஷின் பகலவனிடம் கொடுத்துத் தன் கண் முன்னாலேயே பிழிய வைத்தார். இரண்டு சொம்பு நிறைந்தது. ரம்யாவின் அம்மா பச்சையம்மாள் அவற்றை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எடுத்துப் போய் இரண்டு டம்ளரில் ஊற்றி வந்தாள். எது எதில் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, அடியில் எண் எழுதினார். எது புதுசு, எது பழசு? ரம்யா சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

வெயிலில் பச்சை தெரியாது, கொட்டகைக்குக் கதவும் இல்லை. அதனால்தான் கம்பளி. அவள், பேராசிரியர், ஊரெல்லாம் "எம்பொண்ணு கரும்புல லைட்டு எரிய வெக்கிறா" என்று சொல்லி வைத்திருந்த அப்பா தெய்வசிகாமணி. மூவருக்கும் வியர்வை ஊற்றியது. அப்பாவின் பீடி நாற்றம் வேறு.

முதல் டம்ளர்ப் பட்டை மங்கலாக எரிந்தது. மூன்று நாள் கரும்புதான், சந்தேகமே இல்லை. ரம்யாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது பிரகாசமாக வர வேண்டும். டார்ச்சை அடித்தாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருட்டு. இன்னொரு பட்டை நனைத்தாள். இருட்டு. மூன்றாவதும் இருட்டு.

இரண்டில் ஒன்று புதுசு என்று அவளுக்குத் தெரியும். எது கொஞ்சம் எரிகிறதோ அதைப் புதுசு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் கண் முன்னால் இருந்தது அது இல்லையே.

"சார், ரெண்டுமே புளிப்பு" என்றாள். "ஒண்ணாவது மூணு நாள் கரும்பு. ரெண்டாவது அதவிட ஜாஸ்தி."

பேராசிரியர் இருட்டிலேயே பெருமூச்சு விட்டார். இரண்டாவது தன் கண் முன்னால் பிழிந்த புதுச் சாறு என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவில்தான் ரம்யாவுக்கு அழுகை முட்டியது. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பளியை உதறிவிட்டு இரண்டாவது டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். பாதியில் நிறுத்தி நாக்கைச் சப்புக்கொட்டினார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இதுல இன்னா போட்ட?"

"எலுமிச்சம்பழந்தான்" என்றாள் பச்சையம்மாள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற மாதிரி. "சென்னையிலேர்ந்து வந்துகிறாரு, வெறுஞ்சாற எப்படிங்க குடுக்கறது? பழம் சின்னதா இருந்துச்சு, ரெண்டு புழிஞ்சேன். அந்தப் பழைய சாற யாரு குடிக்கப் போறா, அத அப்படியே வுட்டுட்டேன்."

பேராசிரியர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது, விரிந்தது. அப்புறம் அந்தப் பெரிய மனுஷர் வரப்பில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார். பகலவன் புதுக் கரும்பை மறுபடி பிழிந்தான். மறுபடி கம்பளி. இந்த முறை பச்சையம்மாளும் பகலவனும் உள்ளே நுழைந்துகொண்டார்கள். பட்டையில் பச்சை குபீரென்று எழுந்தது, ஐந்து பேர் முகமும் பச்சை.

"ஒண்ணாவதுதான் புதுசுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாமேம்மா" என்றார் பேராசிரியர். "சொல்லியிருந்தா கையெழுத்துப் போடாம அப்பவே கார்ல ஏறியிருப்பேன்."

"அது மங்கலா இருந்துச்சு சார்" என்றாள் ரம்யா.

அவர் அந்த இருட்டிலேயே பேனாவைத் திறந்து, டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, ஊதா வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டார்.