மூன்றுக்கு அடுத்தது ஏழு

"நீயா இருந்தா இதுக்கு என்ன பேரு வைப்பே?"

பெட்டி அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் பூனையிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டவள், வீடியோ கேம் கம்பெனியிலிருந்து மாதிரிப் பெட்டி பார்க்க வந்த அம்மாள். பெயர் வைப்பதுதான் அங்கே அவளுக்கு வேலையாம். அதனால் அச்சகத்தில் அவள் பேருக்காரம்மா.

பூனையும் பட்டப்பெயர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அக்காவின் பின்னால் வந்து பெட்டி மடிக்கச் சேர்ந்தவள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இப்போதும் மடித்த பெட்டிகளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். கேள்வி காதில் விழுந்தது, வாய்தான் திறக்கவில்லை.

"வாயைத் திறந்தா முத்து கொட்டிடும்னு பயம்மா அவளுக்கு" என்று அக்கா சமாளித்தாள். மடிப்புப் பகுதிக்கு அக்காதான் மேற்பார்வை. பதினோரு வருடமாக அங்கே அவள் சொல்வதுதான் சட்டம்.

பெட்டிக்குள் போகப்போகும் புது கேம் மிஷினின் பெயர் ரகசியம். வேலைச் சீட்டில் 'மாப்பிள்ளை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் பேரு வைக்கலையாம்மா? பொண்ணு வீட்டுல கேட்டா என்ன சொல்றது?" என்றார் அச்சு ஓட்டுபவர்.

"பேரு வைக்கிறது லேசுன்னு நெனைச்சீங்களா?" பேருக்காரம்மா சிரித்தாள். "சின்னப் பிள்ளை கடையில கேட்டா நாக்கு சுளுக்கக் கூடாது. அப்பன் வாங்கப் போனா பழசைத் தூக்கிட்டு வந்துடக் கூடாது. எங்க முதல் மிஷின் கெல்வோ. அப்புறம் கெல்வோ ரெண்டு, கெல்வோ மூணு."

"அப்ப இது நாலுதானே?"

"எதிர்க் கம்பெனிக்காரன் ஆறுல இருக்கான். நாம நாலுன்னு போட்டா, ரெண்டு படி மட்டம்னு ஜனங்க ஒதுக்கிடுவாங்க."

"அப்ப வயசைக் கூட்டிச் சொல்லித்தான் கல்யாணம் பண்ணப் போறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பூனை சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி நாள் முழுக்க அவள் கூடவே நடந்து வீடு வரை வந்தது. அக்கா வீட்டின் பின்னறையில், மெத்தைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தாள். அந்த நோட்டு இருப்பது சுவருக்குக்கூடத் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. பதினோரு பெயர் எழுதினாள். முதல் பெயர் 'விடாக்கண்டன்'. கடைசிப் பெயர் 'இன்னொருக்கா'.

இரண்டு மாதம் கழித்து அச்சுக்கு உத்தரவு வந்தது. வாசலிலேயே எல்லோருடைய போனையும் ஒரு தகர டப்பாவில் போடச் சொன்னார்கள். கதவைச் சாத்தியபின் அச்சு மிஷின் ஓடியது. தாள் தாளாக வந்து விழுந்தது பெயர்: கெல்வோ ஏழு.

பூனைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பிள்ளை பெற்றவள் நான்காவதைக் காட்டி ஏழாவது என்கிறாள்! அன்று மாலை தன் பதினோரு பெயருக்குக் கீழே எழுதினாள்: 'மூன்றுக்கு அடுத்தது ஏழாம். பாவம், நாலும் ஐந்தும் ஆறும் பிறக்கவே இல்லை. கெல்வோ ஏழு.'

ஒன்பதாம் நாள் காலையில் மேனேஜர் அச்சு மிஷினை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் நாற்காலியில் பேருக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஊர் முழுக்கச் சுத்துது இது" என்று மேனேஜர் தன் போனை உயர்த்திக் காட்டினார்.

பூனைக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. கோடு போட்ட தாள். நீல மை. பிறகு ஒவ்வொரு எழுத்தும் எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. தன் கையெழுத்து. தன் நோட்டுப் பக்கத்தின் கீழ்ப்பாதி. கடைசி இரண்டு பெயர், அதற்கடியில் பிறக்காத மூன்று பிள்ளைகள். தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது ஒரு கட்டைவிரல். அதில் பிளாஸ்திரி.

விடிய விடிய கேம் விளையாடிக் கட்டைவிரல் கொப்பளித்துப்போய், போன வாரம் முழுக்க அத்தான்தான் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு திரிந்தார்.

"ரகசியம் வெளியே போனதால பேரையே மாத்தறாங்க. நாப்பதாயிரம் பெட்டி கூழாகப் போகுது" என்றார் மேனேஜர். "எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா அந்த ஒருத்தரோட போகும். தெரியலேன்னா மொத்த வேலையும் நம்ம கையை விட்டுப் போயிடும். வரிசையா வாங்க. படத்துல இருக்கிற கடைசி வரியை ஆளுக்கு ஒரு தாள்ல எழுதுங்க."

வரிசையில் பூனைக்கு முன்னால் அக்கா. முறை வந்ததும் அக்கா போனைக் குனிந்து பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பூனையைப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் பூனை தாங்கியிருப்பாள்.

பூனைக்கு எழுதப் பழக்கியதே அக்காதான். 'ழ'வின் வால் தூண்டில் முள் மாதிரி வளைவது இரண்டு பேருக்கும் ஒன்று. வேலைக்கு வந்தபின் அக்காவின் எழுத்து அவசரத்தில் கோழிக் கிறுக்கலாகி, வால் எப்போதோ உதிர்ந்துவிட்டது. இப்போது அக்கா நிதானமாக எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. 'ஏழு' என்ற இடத்தில் பேனாவை இழுத்து, அந்த வாலை ஒட்டவைத்தாள்.

மேனேஜர் தாளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீயாம்மா?"

"நான்தான் சார். வீட்டுல எழுதி வச்சேன். எங்க வீட்டுக்காரர் பெருமைக்குப் படம் புடிச்சு, அவரோட கேம் குரூப்புல போட்டுட்டார்."

"பதினோரு வருஷம்மா…" மேனேஜர் தாளைக் கீழே வைத்தார். அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"சரி, மத்தவங்க போய் வேலையைப் பாருங்க" என்றார் மேனேஜர்.

பூனை போகவில்லை. முன்னால் வந்து பேனாவை எடுத்தாள்.

"உனக்கு என்னம்மா? அதான் முடிஞ்சு போச்சே."

பூனை எழுத ஆரம்பித்தாள். விடாக்கண்டன். அதற்குக் கீழே இரண்டாவது பெயர். மூன்றாவது. படத்தில் இல்லாத பெயர்கள். எழுதியவளைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர்கள்.

"ஏய், வேணாம்" என்றாள் அக்கா மெதுவாக. "சொன்னாக் கேளுடி."

பூனை கேட்கவில்லை. ஒன்பது முடிந்தது. பத்தாவது பெயரை எழுதும்போது பேருக்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள். பதினொன்றாவது 'இன்னொருக்கா'. பேருக்காரம்மா போனை எடுத்து, படத்தில் இருந்த கடைசி இரண்டு பெயரைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து, வாலுக்கு வால்.

"அன்னைக்கு உங்கிட்டதானே கேட்டேன்…" என்றாள்.

பூனை அந்தத் தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மேசையிலிருந்த அக்காவின் அட்டையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். தன் அட்டையைக் கழற்றி, அது இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு, வந்தது தெரியாமல் வருகிறவள், நகராமல் நின்ற முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலைத் தாண்டிப் போனாள்.