நடுக்கதவு

சாரல் ஓய பிரின்ஸ் மூன்று நாள் காத்திருந்தான். ஈரப் பலகையில் வினியர் தாள் பிடிக்காது. குற்றாலத்து லாட்ஜ் அறைகளில் பத்து வருடமாக ஒட்டுகிறவனுக்கு அது தெரியும். யோசிப்பதற்கும் அந்த மூன்று நாள் இருந்தது. அவன் பலகையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

அப்பா வீட்டை இரண்டாக்கி நடுச்சுவர் எழுப்பியபோது அதில் ஒரு கதவு வைத்தார். இந்தப் பக்கம் பிரின்ஸும் ஜெஸியும். அந்தப் பக்கம் தம்பி ஜெனோ, இன்னும் கல்யாணம் ஆகாதவன். அவனுக்கு இரவுச் சாப்பாடு அந்தக் கதவு வழியாகத்தான் போகும். ஈஸ்டருக்கு மறுநாள், கிணற்று மோட்டாரை யார் கருகவிட்டது என்று சண்டை வந்தது. ஜெனோ தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டான். அன்றிலிருந்து கடையில் சாப்பிடுகிறான்.

சாரல் தொடங்குமுன் பிரின்ஸ் தன் பக்கம் கதவு நிலையை மூடி ப்ளைவுட் பலகையை ஆணியால் அடித்திருந்தான். ஜெனோ ஆலங்குளத்துக்கு மினி பஸ் ஓட்டப் போன நேரமாகப் பார்த்து அடித்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, இன்று வினியரை எடுத்தான். மெல்லிய தேக்குத் தாள். பின்புறம் பசை, பசையின் மேல் காகிதம்.

"அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள் ஜெஸி.

"தாழ்ப்பாள் போடும்போது அவன் எங்கிட்ட கேட்டானா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை. உங்க அப்பா மண்டை."

"ஏட்டி, காகிதத்த இழு. பைய."

அவள் நாலு விரல் அகலம் இழுத்தாள். அவன் துணி சுற்றிய கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினான். பட்டால் பட்டதுதான். எடுத்து மறுபடி ஒட்ட முடியாது. பாதியில் ஜெஸியின் கை நின்றது.

"இழு" என்றான்.

இழுத்தாள்.

ஓரங்களைச் சீவினான். பிறகு விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டு வந்தான். உள்ளே காற்று இருந்தால் சத்தம் மாறும். எங்கும் மாறவில்லை. இடுப்பு உயரத்தில் தட்டும்போது, அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு கேட்டது.

ஜெனோ இன்று நேரத்தோடு வந்திருக்கிறான்.

"அண்ணே?"

தாழ்ப்பாள் விலகியது. கதவு அந்தப் பக்கமாகத் திறந்தது. பலகையின் பின்புறத்தை ஒரு கை தடவும் சத்தம் கேட்டது.

"நீ தட்டுனேன்னுல்லா தொறந்தேன்."

குரல் பலகையை ஒட்டினாற்போல் பின்னாலிருந்து வந்தது. ஜெஸி பிரின்ஸின் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் போதும்.

"காத்து நிக்குதான்னு தட்டிப் பாத்தேன்" என்றான்.

"சரிண்ணே."

சற்றைக்கெல்லாம் வெளியே பைக் கிளம்பியது. சாப்பாட்டு நேரம்.

"ஆணிதானே" என்றாள் ஜெஸி. "புடுங்குனா வந்துரும்."

"வினியர் கிழிஞ்சிரும்."

அவள் அடுக்களைக்குப் போனாள். வினியரில் ஒரு கொப்புளம் இல்லை. பின்னால் கதவு இருப்பது தெரியவில்லை. ஜெனோ போகும்போது தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை. பிரின்ஸுக்கு அது இப்போதுதான் உறைத்தது. சுத்தியல் ஜன்னலில் இருந்தது. அதைப் பார்த்தான். பிறகு குனிந்து, உரித்துப் போட்ட காகிதத்தைச் சுருட்டத் தொடங்கினான்.