சம்பந்தி வண்டு

என் வண்டுக்குக் கண் கிடையாது. லுப்லியானாவுக்குத் தெற்கே ஒரு குகையில், தண்ணீர் சொட்டும் பாறையிடுக்கில் வாழ்கிறது. தெற்கே வேறொரு நாட்டில், ஸ்கோப்யேயில் இருந்து என்னைப் போலவே குகை வண்டுகளை ஆராயும் பிளாகோயின் வண்டுக்கும் கண் கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் இரண்டின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது, இவ்வளவு தூரத்தில் இருந்தும் அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் என்று வந்தது. பிளாகோய் போனில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூச்சிங்க சொந்தமாயிடுச்சு, யெர்நேயா. அப்ப நாமளும் சம்பந்திதானே? நான் மாப்பிள்ளை வீடு. மரியாதையெல்லாம் சரியா நடக்கணும், ஆமா!"

முறைப்படி பார்த்தால் ரத்த சொந்தம் சம்பந்தம் ஆகாது. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் வரும். இலையுதிர் காலத்தில், அவர் வறுத்து அரைத்த சிவப்பு மிளகாய் விழுது ஒரு ஜாடி நிறைய, பஸ் டிரைவர் கையில் வரும். சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்கள் ஊர்களில் உறவை முறிக்கிற காரியம். நான் தேன் நிரப்பி அனுப்புவேன். எனக்கு விவாகரத்தான பிறகு, மற்ற ஆறு நாளும் ரொட்டிக் கடையில் "ஒண்ணு குடுங்க" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

இந்த மாதம், அந்தச் சொந்தத்தைப் பற்றி நாங்கள் இருவரும் எழுதி ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒருவர் ஒரு சோதனை கேட்டார். டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள். உருவத்தில் பெரியவை ஏ, ஜி. சிறியவை சி, டி. காலப்போக்கில் ஏ ஜியாவதும், சி டியாவதும் சுலபமாக நடக்கும். அந்தச் சின்ன மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல், பெரியதா சிறியதா என்று மட்டும் பார்த்து ஒப்பிடுங்கள் என்றார். எனக்கே பாடமா என்று எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சோதனையைக் கணினியில் ஓட்டினேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது திரையில் வம்ச மரம் தயாராக இருந்தது. பிளாகோயின் வண்டு அந்த ஊர் வண்டுகளோடு போய் ஒட்டிக்கொண்டது. என்னுடையது நீளமான ஒரு கிளையில், யாருமில்லாமல், தனியாக. இரண்டிலும் ஏயும் டியும் தனித்தனியாகப் பெருகியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒரே கடையில் கோட்டு வாங்கிய இருவரை அண்ணன் தம்பி என்று நம்பியிருக்கிறேன்.

மறைத்துவிடலாம், வேறு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. நாலு மணிக்குப் போன் அடித்தது.

"என்ன சம்பந்தி, பொண்ணு சௌக்கியமா?"

"பிளாகோய், சொந்தம் இல்லே. பெரிசு, சிறிசுன்னு ரெண்டே எழுத்தாக்கிப் பாத்தேன். பிரிஞ்சு போச்சு."

"தெரியும்" என்றார். "போன வசந்தத்துலேயே நான் போட்டுப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சும் கட்டுரையில கையெழுத்துப் போட்டீங்களா?"

"சொல்லிட்டா வெள்ளிக்கிழமை எதுக்குப் போன் பண்றது, சம்பந்தி? என் சம்சாரம் போனப்புறம் வீட்டுல நானும் ரேடியோவும்தான்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கும் அதே பயம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

"இதுக்குப் பேரு ஃபிராடு. என் பேரையும் சேர்த்து நாறடிச்சிருப்பீங்க. இனிமே சம்பந்தி கிம்பந்தின்னு கூப்பிடாதீங்க!"

போனை வைத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் அடிக்கவில்லை. நாலரை வரை பொறுத்துவிட்டு நானே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

அந்த டாக்டர் சுருக்கென்று தைத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் அழைத்தேன்.

"அங்கே மழையா?" என்றேன்.

"இல்லே. வெயில்."

ஆறு வருடம் பேசியிருக்கிறோம். வண்டை எடுத்துவிட்டால் பேச ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், நம்ம ஜாடி ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. பஸ்ல குடுத்து விட்டுடுங்க."

"தேன் வாங்கி வச்சிருக்கேன், பிளாகோய். நாளைக்கே ஊத்தி..."

"வேணாம் டாக்டர். வெறும் ஜாடி போதும்."