நாசரேனு யாருக்கு ஓட்டுப் போட்டார்

1

இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று எதிர்வீட்டு ஜோர்ஜெத்திடம் சத்தியம் செய்திருக்கிறேன். தன் தங்கை மார்விக்கின் சங்கதியை எல்லாம் என்னிடம் கொட்டியவள் அவள்தான். மால்ட்டாவில், எங்கள் தெருவில், என்னைத் தவிரத் தமிழ் படிக்கிறவர் கிடையாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன், பெயரைக்கூட மாற்றவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘மத்தியதரைக் கடலின் நீல அலைகள் அந்தச் சின்னஞ்சிறு தீவை...’

அடித்துவிட்டேன். இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், கடலை நின்று பார்த்த ஒருவரைக் கண்டதில்லை. எல்லோரும் கார் நிறுத்த இடம்தான் தேடுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: மார்விக்குக்கு முப்பத்தெட்டு வயது, மருந்துக்கடையில் வேலை. ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு நாட்டின் சார்பில் யாரை அனுப்புவது என்று வருஷா வருஷம் சனங்கள் ஓட்டுப் போட்டு நடக்கும் தேர்வில் நான்கு முறை தோற்றவள். இது ஐந்தாவது. “இந்தத் தடவையும் போகலைன்னா குளிக்கறப்பகூட பாட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

இது இருக்கட்டும்.

3

பாட்டு அருமையான பாட்டு. எழுதியவன் வென்சு என்பதுதான் வம்பு.

எங்கள் ஊரில் இரண்டு பேண்டு வாத்தியக் கிளப்புகள். சூசையப்பர் கிளப், கத்தரீனம்மாள் கிளப். திருவிழாவில் யார் வெடி பெரிய வெடி என்ற தகராறில் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை. மார்விக்கின் அப்பா நாசரேனு, சூசையப்பர் கிளப்பில் பெரிய முரசு அடிப்பவர். வென்சுவோ கத்தரீனம்மாள் ஆள்.*

“உனக்கு வேற பாட்டே கிடைக்கலையா?” என்றார் நாசரேனு.

“நம்ம கிளப்புல யாருப்பா பாட்டு எழுதறாங்க? எல்லாரும் வெடிதான சுத்துறீங்க.”

“எழுதாட்டி என்ன, மானம் இருக்கில்ல.”

“மானத்தை மேடையில பாட முடியாதுப்பா.”

“அவன் தாத்தா நம்ம கொடி மேல முட்டை அடிச்சவன்டி.”

“அது அறுபத்திரெண்டாம் வருஷம்.”

“எந்த வருஷமா இருந்தா என்ன, முட்டை முட்டைதானே.”

(* பக்கத்து நாடு பக்கத்து நாட்டுக்கே ஓட்டுப் போட்டுக்கொள்கிறது என்று அந்தப் பெரிய போட்டியைப் பார்த்து எங்கள் ஊரே வயிறெரியும். எங்கள் ஊரில் பக்கத்துத் தெரு பக்கத்துத் தெருவுக்குப் போடாது.)

4

இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனிதரைக் கொஞ்சம் இளக்கலாம் என்று, ‘மகள் பாடப் பாட அவர் கண்ணோரத்தில் ஒரு துளி...’

எங்கேயோ படித்த கதை என்று பொய் சொல்லி ஜோர்ஜெத்திடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள்.

“எங்கப்பாவா இருந்தா அழுதிருப்பாருன்னா கேக்கறீங்க? எங்கம்மா செத்தப்போ அந்தக் கிளப்புலேர்ந்து மலர்வளையம் வந்துது. வாசல்லயே வாங்கி வாசல்லயே திருப்பிக் குடுத்தவரு.”

துளியை எடுத்துவிட்டேன்.

5

மார்விக் இரண்டாவதாக வந்தாள். வித்தியாசம் பதினோரு ஓட்டு.

சூசையப்பர்காரர்கள் போடாதது இருக்கட்டும், கத்தரீனம்மாள்காரர்களும் போடவில்லை, தெரியுமா? பாட்டு நம்முடையதுதான், தொண்டை அவர்களுடையதாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். நல்ல ஊர், நல்ல சனங்கள், விளங்கிடும்.

முடிவு அ: கடைசி நிமிஷத்தில் அப்பா மனம் மாற, மகள் ஜெயிக்கிறாள். நானே நம்பவில்லை.

முடிவு ஆ: இரண்டு கிளப்பும் கட்டித் தழுவி... வேண்டாம், சிரிப்பு வருகிறது.

முடிவு இ: மறுநாள் காலை, சமையலறை.

“பதினொண்ணுப்பா. நம்ம கிளப்புல மட்டும் முந்நூறு பேர் இருக்காங்க.”

“நல்லாத்தான் பாடினே.”

“நீங்க ஓட்டு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“யாருக்கு?”

நாசரேனு காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

நானும் இங்கேயே பேனாவை வைத்துவிட்டேன். அவர் சொன்ன பதிலை ஜோர்ஜெத் எனக்குச் சொன்னாள், உங்களுக்கு நான் சொல்வதாக இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாதி, கட்சி, ரசிகர் மன்றம் எதுவுமே இல்லாத ஊரிலிருந்து வந்தவர் மாதிரி மட்டும் முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எதை எழுதினாலும் அதைக் கேட்டுவிட்டு அதே வீட்டில் இருக்க வேண்டியவள் மார்விக்.

அப்பாவுக்கு எதிரில்தான் நிற்கிறாள். பார்த்து எழுதுங்கள்.