கேன்டீனில் இருந்தவள்

பத்து ஐம்பது முதல் பதினொன்று இருபது வரை கேன்டீன். காகிதத்தில் அந்த வரியை ஹெட் நர்ஸ் நான்காவது முறையாக விரலால் தேய்த்தாள். ஏழாம் படுக்கைப் பெரியவர் மணி அடித்து அடித்து ஓய்ந்ததும் அதே நேரத்தில்தான்.

"கேன்டீன்ல டீ வாங்கிட்டு உடனே மேல வந்துட்டேன்கா. பன்னெண்டாம் பெட்டுக்குக் கட்டு மாத்திட்டு இருந்தேன். மணி கேக்கல," என்றாள் புது நர்ஸ். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. என்ன நெஞ்சழுத்தம்! போன தடவை மாட்டியவள் அழுது தீர்த்தாள். அது நடிப்பு என்று ஹெட் நர்ஸ் அன்றே எழுதிக் கொடுத்து, அவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. எந்த நர்ஸின் போன் எந்த வைஃபை பெட்டியில் இணைந்திருக்கிறது என்ற பட்டியல் கைக்கு வந்ததிலிருந்து ஹெட் நர்ஸுக்கு முதுகிலும் கண் முளைத்திருந்தது.

பட்டியல் எடுத்துத் தரும் நெட்வொர்க்காரர் காதைச் சொறிந்தார். "இத வச்சு ஆளப் புடிக்கிறீங்களா மேடம்? நடக்க நடக்க போன் பக்கத்துப் பெட்டிக்கு மாறணும். ஆனா எப்ப மாறணும்னு போன்தான் முடிவு பண்ணும். சில போன் பழைய பெட்டிய லேசுல விடாது."

"அவ உங்களுக்குச் சொந்தமா?"

"ஐயோ, நடந்தே பாத்துடலாம் வாங்க."

தனியே விட்டால் தகிடுதத்தம் செய்வாரோ என்று அவரையும் லேப்டாப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போனாள். வார்டு போன் ஒன்றைக் கேன்டீனில் இணைத்தார்கள். படியேறி, பன்னிரண்டாம் படுக்கையருகே நின்றார்கள். லேப்டாப் திரையில் அந்தப் போனுக்கு நேரே 'கேன்டீன்' என்றிருந்தது. பத்து நிமிடம் கழித்தும் அதேதான்.

"கேன்டீன் நேர் கீழ இருக்கு. சிக்னல் பத்தலைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அந்தப் பெட்டியோட பவர நான்தான் கூட்டி வச்சேன்," என்றார் அவர், குரல் இறங்கி.

"எப்போ?"

"ஆறு மாசம் இருக்கும்."

அழுதவளை அனுப்பி நான்கு மாதம். "இங்கதான்கா நின்னேன்" என்று இதே கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சொன்னாள். புது நர்ஸ் யாரையும் பார்க்காமல் ஏழாம் படுக்கைக்குத் தண்ணீர் கொண்டு போனாள்.

ஹெட் நர்ஸ் அந்த வார்டு போனோடு சன்னல் வரை போனாள். திரும்பி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் அவள் இன்னும் கேன்டீனில்தான் இருந்தாள்.