காலை ஆறு மணிக் குலுக்கல்

ஒர்க்‌ஷாப்பில் அவரை எல்லோரும் ‘அலாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேன் வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட ஆறு மணி தவறியதில்லை. ராத்திரி ஷெட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து வெளியே நிறுத்தி, மெக்கானிக்குகள் வருவதற்குள் தரையைக் கழுவிவிடுவார். அங்கேயே அவர் மகள் இன்ஜின் மெக்கானிக். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். தன் குஞ்சு நிஜமாகவே பொன் என்பது அவர் கட்சி.

அந்தப் பொன்னுக்குத்தான் இப்போது சோதனை. ஒரு டீச்சரம்மாவின் ஹைபிரிட் கார், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுவது, மூன்றாவது தடவையாக வந்து நின்றது. காலையில் இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு ஆடுகிறதாம். ஒவ்வொரு தடவையும் ராத்திரி ஷெட்டில் நிறுத்திவைத்து, ஒன்பது மணிக்கு மகள் ஸ்டார்ட் செய்வாள். அது பரம சாதுவாக நிற்கும். கம்ப்யூட்டரை மாட்டினாலும் கோளாறு எதுவும் காட்டாது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் குறைந்திருந்தது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகடு வழியாகக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று மகள் அடித்துச் சொன்னாள். ஃபோர்மேன் மசியவில்லை.

“நாளைக்குள்ள காட்டும்மா. இல்லேன்னா பழையபடி டயர் பக்கம் போயிடு. ஊகத்துக்கெல்லாம் இன்ஜினைப் பிரிக்க முடியாது.”

மதியம் மகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அலாரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்த ஆளுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? காலையில நான் எடுக்கும்போதெல்லாம் குலுங்கிட்டுத்தானே கிளம்புது!”

மகள் நிமிர்ந்தாள். “குலுங்குச்சா?”

“மூணு வாட்டியும்தான். ஸ்டியரிங்கே ஆடுச்சு. அரை நிமிஷத்துல அடங்கிடும். பேட்டரி வண்டி, பிறவிக் குணம்னு நினைச்சேன்.”

“ஏம்ப்பா இதைச் சொல்லல?”

“வாட்ச்மேனை யாரு கேட்டா?”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். ராத்திரி முழுக்கச் சொட்டிச் சேர்ந்த கூலன்ட்டை, அவர் வண்டியை வெளியே எடுக்கிற அந்த அரை நிமிடமே எரித்துத் தீர்த்துவிடுகிறது என்று விளக்கினாள். அலாரத்தின் முகம் சுருங்கிவிட்டது. மகளின் காலை வாரிவிட்டது தன் சுறுசுறுப்பேதான்!

மறுநாள் காலை எல்லா வண்டியும் வெளியே போனது, அது ஒன்றைத் தவிர. யாரும் சாவியைத் தொடாதபடி அலாரம் அதன் முன்னால் காவல் நின்றார்.

மகள் வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் குட்டிக் கேமராவை இறக்கினாள். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தலையில் இளஞ்சிவப்பாகக் கூலன்ட் பளபளத்தது. பிளக்கை மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்தாள். வண்டி குலுங்கிய குலுங்கலில் மேலே வைத்திருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. பின்னால் வெள்ளைப் புகை. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கியது.

ஃபோர்மேன் குனிந்து ஸ்பேனரை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: “ஹெட்டைக் கழட்டும்மா. வேற யார் கையும் இதுல படக் கூடாது.”

அலாரத்துக்கு நெஞ்சு விம்மியது. துடைப்பத்தை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோனது.

பத்து மணிக்கு டீச்சரம்மா சலித்த முகத்தோடு கேட்டுக்கு வந்தார். “இந்தத் தடவையும் ஒண்ணுமில்லைன்னு சொல்லப் போறீங்களா?”

“இல்லம்மா. நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். மூணு வாட்டியும் என் கையிலதான் ஆடுச்சு. வாயைத் திறக்காதது என் தப்பு.”

“அப்ப யாருதான் கண்டுபிடிச்சது?”

வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது என்ற பலகை அங்கேயே தொங்கியது. அந்த விதியைக் காப்பதுதான் அவர் உத்தியோகம். அலாரம் கேட்டை முழுசாகத் திறந்து, டீச்சரம்மாவை இன்ஜின் பிரிக்கும் இடம் வரைக்கும் அழைத்துப் போனார்.

“இதோ, இவதாம்மா. என் மக.”